தலைக்கனம் அரை மில்லி

மார்ச் 3, செவ்வாய்

பழைய நோட்டு நேற்றோடு தீர்ந்தது. இந்தப் புது நோட்டுக்கு எங்கள் வீட்டு ஆட்களைத் தெரியாது. ஆகவே மரியாதைக்கு ஓர் அறிமுகம். இவர், என் வீட்டுக்காரர், கார் பட்டறை வைத்திருக்கிறார். எஞ்சின் அவர் பொறுப்பு, கிளட்ச் என் பொறுப்பு. இருபது வருஷமாக என்னைக் கிளட்ச்சக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பட்டறைக்குப் பின்னால் வீடு. கீழே நாங்கள். மேலே கொழுந்தனும் அவர் மனைவியும் மகளும். கொழுந்தன் மனைவி எனக்கு ஓரகத்தி. நான் சின்னவள் என்பேன். படித்தவள், இன்ஜினியர்.

அறிமுகம் முடிந்தது. இனி என் புலம்பல்.

இன்றைக்கு இரண்டு கிளட்ச் இறக்கினேன். இரண்டும் டிரைவிங் ஸ்கூல் கார்கள். தட்டைக் கையில் எடுத்தால் கருகின வாடை குப்பென்று அடிக்கிறது. "என்னங்க சொல்லித்தர்றீங்க?" என்று டிரைவிங் ஸ்கூல்காரரைக் கேட்டேன். "பாதி அழுத்தி, பாதி விடுங்கன்னுதான்க்கா சொல்றேன். அவங்க அந்தப் பாதியிலேயே குடித்தனம் பண்றாங்க" என்றார்.

தட்டு கிடைக்கிறது. போல்ட்டுதான் கிடைக்கவில்லை. கிளட்ச்சை எஞ்சின் சக்கரத்தோடு சேர்த்துப் பிடிப்பது ஆறே ஆறு போல்ட்டு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, ஆனால் காரின் இழுப்பு முழுக்க அதுகளின் தோளில்தான். ஒரு தடவை இறுக்கி இழுபட்டதை மறுபடி போடக் கூடாது. புதுசு வேண்டும், அதுவும் உறுதி கூடின ரகம், தலையில் 10.9 என்று அடித்திருக்க வேண்டும். கடையில் கேட்டால் அடுத்த வாரம் வரும் என்கிறான். அந்த அடுத்த வாரம் போன மாதத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 4, புதன்

சின்னவள் காலையில் ஒரு டப்பாவோடு இறங்கி வந்தாள். "அக்கா, ஆறு போல்ட்டு. பாருங்க" என்று மேசையில் வைத்துவிட்டு, நான் பார்ப்பதைப் பார்க்கப் பிடிக்காதவள்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வருஷமாகக் கொல்லைப்புறக் கொட்டகையில் இரண்டு கடைசல் இயந்திரத்தோடு அவள் மல்லுக்கு நின்றது இதற்குத்தான். கம்பி வாங்கி, கடைந்து, மரை உருட்டி, சூடேற்றி எண்ணெயில் இறக்கிப் பதம் பார்த்து, பழைய கல்லூரியில் கொடுத்து இழுத்துப் பார்த்து, உடைத்துப் பார்த்து. எத்தனை உடைத்தாளோ, கணக்கே இல்லை. கையில் உருட்டினேன். மரை பட்டுப்போல ஓடியது. தலையில் 10.9, பக்கத்தில் அவள் அடையாளமாக ஒரு சின்ன முக்கோணம். தலை கொஞ்சம் தடிமனாகத்தான் பட்டது. "நல்லாத் தாங்கட்டும்னு கூட்டி வச்சிருக்கேன்க்கா" என்றாள்.

நன்றாயிருக்கிறது என்று சொன்னேன். முகம் முழுக்கச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

டிரைவிங் ஸ்கூல்காரர் சம்மதித்துவிட்டார். முதலில் ஒரே ஒரு கார். சரியாக ஓடினால் அவருடைய இருபத்திரண்டு காருக்கும் சின்னவளின் போல்ட்டுதான். சும்மா சொல்லவில்லை, தாளே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். மாட்டினவர் குறிப்பு எழுத வேண்டுமாம். மாட்டினவர் நான்.

சிவப்புக் காரில் மாட்டினேன். ஒன்று, எதிரே நாலு. இரண்டு, எதிரே ஐந்து. மூன்று, எதிரே ஆறு. வட்டமாக வரிசையில் இறுக்கினால் தட்டு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். எதிரெதிராக, கொஞ்சங் கொஞ்சமாக, மூன்று சுற்றில். இறுக்கத்துக்கு அளவு வைத்த டார்க் ரெஞ்ச் டக் என்று சொன்னதும் நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஒரு நூல் இழுத்தாலும் அது வீரம் இல்லை, மடத்தனம்.

வேலை முடிந்ததும் டார்க் ரெஞ்சின் அளவை அடிவரைக்கும் இறக்கிப் பெட்டியில் வைத்தேன். பதினோரு வருஷப் பழக்கம். ஏன் பதினோரு வருஷம் என்பதை இன்று எழுதுவதாக இல்லை.

மார்ச் 6, வெள்ளி

கொழுந்தன் டீ குடிக்க வந்தவர் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னார். சின்னவளின் பழைய கம்பெனி ஒரு வருஷம் விடுப்பு கொடுத்திருந்ததே, அது இந்த மாதத்தோடு முடிகிறது. 31ஆம் தேதிக்குள் வருகிறேன், இல்லை வரவில்லை என்று சொல்லியாக வேண்டும். கம்பெனி இப்போது வேறு ஊருக்கு மாறிவிட்டது. போனால் குடும்பத்தோடுதான். "போல்ட்டு நின்னா நாங்க இங்க நிப்போம் அண்ணி. இல்லைன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றார், என்னவோ மழை வந்தால் துணி எடுக்க வேண்டும் என்கிற மாதிரி.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மேலே நாற்காலி இழுபடும் சத்தம், அவர்கள் மகள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கும் சத்தம், இதெல்லாம் இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? இவரோடு பேசிக்கொண்டிருக்கவா? இவர் எஞ்சினோடுதான் பேசுவார்.

மார்ச் 8, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். சின்னவள் மேலிருந்து "அக்கா, இன்னும் சத்தம் ஒண்ணும் இல்லையே?" என்றாள். சிவப்புக் காரைக் கேட்கிறாள். "இல்லை, நீ போய்த் தூங்கு" என்றேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 9, திங்கள்

சத்தம் வந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

சிவப்புக் கார் காலையில் வந்தது. லேசான கிர்ர். பெடலை மிதித்தால் நின்றுபோகிறது, விட்டால் திரும்ப வருகிறது. இது கியர்பாக்ஸ் பேரிங் சத்தமாயிற்றே என்று எனக்குள் ஒரே கும்மாளம். போல்ட்டு மேல் பழி இல்லை!

கியர்பாக்ஸை இறக்கினேன். பேரிங் குழந்தைபோல் சுத்தமாக இருக்கிறது. கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு விளிம்பில் பளபளவென்று ஒரு கோடு. போல்ட்டுத் தலைகளைப் பார்த்தேன். ஆறிலும் உச்சியில் அதே பளபளப்பு. உரசுகிறது. இந்த மாடலில் தலைக்கும் கூட்டுக்கும் நடுவே இடமே கொஞ்சம். பெடலை மிதித்தால் சக்கரம் ஒரு மயிரிழை முன்னால் நகர்கிறது, உரசல் விலகுகிறது, சத்தம் நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

வெர்னியர் வைத்து அளந்தேன். தலை அரை மில்லிமீட்டர் கூடுதல். மற்றபடி ஒரு குறை கிடையாது. ஒன்றுகூட இளகவில்லை, மரை அப்படியே இருக்கிறது. உள்ளூர் போல்ட்டில் இப்படிப் பிடிப்பு நான் பார்த்ததே இல்லை.

சின்னவள் பதம் பார்க்கும் இடத்துக்குப் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவாளாம். டிரைவிங் ஸ்கூல்காரர் தாளை உடனே கேட்டார். நின்ற வாக்கில் எழுதிக் கொடுத்தேன்.

பிடிப்பு: மிக நன்று.
மரை: சுத்தம்.
தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டிய குறை: தலைக்கனம் அதிகம். குறைத்துக்கொண்டால் எங்கும் பொருந்தும்.

கட்டம் இரண்டு விரல் அகலந்தான். இதற்குமேல் இடமில்லை. அளவை நேரில் சொல்லிக்கொள்ளலாம். நறுக்கென்று எழுதிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

சின்னவள் இன்று கீழே வரவில்லை. நேற்றுச் சாயங்காலமும் நேராக மேலே போய்விட்டாளாம். களைப்பாக இருக்கும்.

மார்ச் 12, வியாழன்

படிக்கட்டில் எதிர்ப்பட்டாள். "அந்தப் போல்ட்டு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். "அதான் தாள்லயே எழுதிட்டீங்களேக்கா. டிரைவிங் ஸ்கூல்காரர் போன்ல வாசிச்சுக் காட்டினார். ரெண்டு தடவை" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. முகத்தைத் தண்ணீர்க் குடம் மாதிரி நேராகப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

என்னடா இது. அரை மில்லி குறை சொன்னதற்கா இந்த முகம்? கல்லூரியில் எத்தனை பேர் எத்தனை குறை சொல்லியிருப்பார்கள்!

மார்ச் 13, வெள்ளி

அவளுடைய மகள் இறங்கி வந்து என் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். மூன்றாம் வகுப்பு, வாய் எட்டாம் வகுப்பு.

"பெரியம்மா, அம்மா உங்ககூடப் பேச மாட்டாங்களாம்."

"அப்படியா? நீ?"

"நான் பேசலாமாம். கேட்டுட்டுத்தான் வந்தேன்."

வாழைப்பழம் ஒன்று உரித்துக் கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு, "நாங்க போற ஊர்ல வீட்டுக்குள்ளயே லிஃப்ட் இருக்காம்" என்றாள். மீதிப் பழத்தை நான்தான் சாப்பிட்டேன். சப்பென்று இருந்தது.

மார்ச் 14, சனி

கொழுந்தன் காலி அட்டைப் பெட்டிகள் மூன்று மேலே எடுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இவரிடம் சொன்னேன், நீங்களாவது கேளுங்களேன் என்று. "ரெண்டு பொம்பளைங்க சண்டைக்கு நடுவுல போறதும் ஓடுற ஃபேன் பெல்ட்டுல கையை விடுறதும் ஒண்ணு" என்றார். நல்ல மனுஷன். உபயோகம்தான் இல்லை.

மார்ச் 16, திங்கள்

இன்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எழுதியே தீர வேண்டும்.

மத்தியானம் கொட்டகைக்குப் போனேன், நானாக, வலிய. கதவைத் தட்டினேன். "வேலையா இருக்கேன்க்கா" என்று உள்ளேயிருந்தே பதில். வேலையாம்! இயந்திரம் ஓடவே இல்லை, எனக்குக் காது இல்லையா? இருபது வருஷம் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்கிறவள் நான். சும்மா உட்கார்ந்துகொண்டு என்னைத் திருப்பி அனுப்புகிறாள். அப்படி என்ன செய்துவிட்டேன்? பிடிப்பு மிக நன்று என்று எழுதினேன். மரை சுத்தம் என்று எழுதினேன். இருந்த ஒரு குறையைச் சொன்னேன். ஒரு குறை தாங்காதா? இப்போ சொல்றேன், இங்கேயே எழுதி வைக்கிறேன், அவளுக்கு உண்மையிலேயே தலைக்கனம் அதிக

—

ஐயையோ.

ஐயையோ, ஐயையோ. நான் என்ன எழுதித் தொலைச்சிருக்கேன்!

"தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டிய குறை: தலைக்கனம் அதிகம். குறைத்துக்கொண்டால் எங்கும் பொருந்தும்." போல்ட்டின் என்று ஒரு சொல் போட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? பலகை கனம், தகடு கனம், தலை கனம் என்று பட்டறையில் வாய்க்கு வாய் சொல்கிற பழக்கம். வேறு ஒரு அர்த்தம் இருக்கிறது என்பதே நினைவில் வரவில்லை. அதை அந்த மனுஷன் போனில் வாசித்திருக்கிறான். ரெண்டு தடவை! என்ன குரலில் வாசித்தானோ. அதுவும் யாருக்கு? எந்த வார்த்தையை அவளிடம் சொல்லவே கூடாதோ, அதையே.

நுணலும் தன் வாயால் கெடும். நான் கையால் கெட்டேன்.

நாளைக்குக் காலையில் முதல் வேலை இதுதான்.

மார்ச் 17, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். மறந்துபோகும் என்பதால் இல்லை, மறக்கக் கூடாது என்பதால்.

காலையில் முதலில் டிரைவிங் ஸ்கூல்காரருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார். "நான் உங்க வீட்டுச் சண்டைன்னு நினைச்சேன்க்கா. என் காரை ஏன் நடுவுல விடுறீங்கன்னு கேட்கலாம்னு இருந்தேன்." உரசினது அரை மில்லி, குறைத்துக் கொடுத்தால் மறுபடி ஓட்டிப் பார்ப்பீர்களா என்றேன். சரி என்றார். மாதக் கடைசிக்குள் தெரிய வேண்டும் என்றேன். அதற்கும் சரி என்றார். சிரித்த வாய்க்கு மறுக்க வரவில்லை போலிருக்கிறது.

பிறகு வெர்னியரையும், சிவப்புக் காரிலிருந்து கழற்றின போல்ட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். தட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

சின்னவள் ஒரு பெட்டியில் பழைய துணி விரித்து ஆயுதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தலைக்கனம்னு எழுதினது இதை" என்று போல்ட்டை நீட்டினேன். "உச்சியைப் பாரு. உரசியிருக்கு. தலை அரை மில்லி கனம் ஜாஸ்தி. உன்னைச் சொல்லலைடி."

வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இன்ஜினியர் இல்லையா, அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகம் மாறவில்லை.

"நாங்க தலை உயரம்னு சொல்லுவோம்க்கா" என்றாள்.

"பட்டறையில கனம்னுதான் வரும். வாய்ப்பழக்கம்."

"தெரியும். ஆனா அந்த வார்த்தையை உங்க வாயால நான் ஏற்கெனவே கேட்டிருக்கேனே."

எப்போ என்றேன்.

"கல்யாணமாகி வந்த ரெண்டாவது வாரம். நீங்க அடுப்படியில போன்ல உங்க அக்காகிட்டப் பேசிட்டு இருந்தீங்க. நான் தண்ணி எடுக்க வந்தேன். வந்தவளுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி, போகப் போகத்தான் குறையணும்னீங்க. தண்ணி எடுக்காமலே மேல போயிட்டேன். பதினோரு வருஷமா நான் கீழ வந்து எதைச் சொன்னாலும், சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிப்பேன். இதுவும் தலைக்கனமாத் தெரியுமோன்னு. இப்ப போன்ல அந்த ஆள் வாசிச்சதும்... ஒண்ணும் குறையலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

மழுப்பலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அப்படியா, நான் சொல்லியிருக்க மாட்டேனே, வேறு யாரையாவது சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சொன்னேன்" என்றேன். "அன்னிக்குச் சொன்னது உன்னைத்தான். இப்ப எழுதினது போல்ட்டை."

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏன் சொன்னேன்னு தெரியுமா? முதல் நாள் நீ பட்டறைக்கு வந்து, டார்க் ரெஞ்சை ஏத்தின அளவோடயே வைக்காதீங்க, உள்ள ஸ்பிரிங் தளர்ந்துடும், இறக்கி வையுங்கன்னு சொன்னே. எட்டுப் பேர் நிக்கிறாங்க. நேத்து வந்தவ எனக்குச் சொல்லித்தர்றாளான்னு பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா நீ சொன்னதுதான் சரி. அன்னியிலேர்ந்து ஒரு நாள்கூட இறக்காம வச்சதில்லை. போய்ப் பெட்டியைத் திறந்து பாரு. அதை உங்கிட்டச் சொல்றதுக்கு எனக்குப் பதினோரு வருஷம் ஆயிருக்கு. யாருக்குத் தலைக்கனம்னு நீயே சொல்லு."

அவள் வெர்னியரை என் கையிலிருந்து வாங்கி, போல்ட்டுத் தலையை அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"போல்ட்டுக்கு அரை மில்லி" என்றாள். "எனக்கு எவ்வளவுக்கா?"

"உனக்கு நான் அளக்கலை. எனக்கு அளந்தா இந்த வெர்னியர் பத்தாது."

அப்போதுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கண்ணில் தண்ணீர். எண்ணெய்க் கையால் துடைத்து, கண் எரிந்து, அது வேறு. மன்னிச்சுக்கோ என்றும் சொன்னேன். அதை எழுதாமல் விட்டால் சொல்லாத மாதிரி ஆகிவிடும். சொன்னேன்.

மார்ச் 18, புதன்

நாள் இல்லை. புதிதாகக் கடைந்து பதம் பார்க்க இரண்டு வாரம் ஆகும் என்கிறாள். இன்னும் மாட்டாத ஆறு கொட்டகையில் இருக்கிறது, அதையே தலை சீவ வேண்டும். நான் சாணைக்கல்லில் காட்டிவிட்டால் ஆயிற்று என்றேன். "சூடு ஏறினா பதம் போயிடும்க்கா. மெதுவா, தண்ணி ஊத்திக்கிட்டே, இழை இழையாத்தான் எடுக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு, சொல்லு. எனக்குத் தெரியாது, நீதான் சொல்லணும்" என்றேன்.

மார்ச் 19, வியாழன்

இரண்டு பேருமாக ஆறு போல்ட்டுக்குத் தலை சீவினோம். அவள் பிடித்தாள், நான் தண்ணீர் ஊற்றினேன். தலையைச் சீவியதில் 10.9 என்ற எழுத்தும் முக்கோணமும் சேர்ந்து போய்விட்டன. அடையாளம் இல்லாத போல்ட்டை நான் மாட்ட மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன். திரும்ப அடித்தோம். நாலாவது போல்ட்டில் முக்கோணம் கோணலாக விழுந்தது, என் கைவேலை. "பரவாயில்லக்கா, அடையாளத்துக்கு அடையாளமாச்சு" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

மாட்டியாயிற்று. ஒன்று, எதிரே நாலு. சின்னவள் பக்கத்தில் நின்று எண்ணினாள். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு தலையிலும் தட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். போல்ட்டு இளகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். சத்தம் இல்லை. ஆனால் போன தடவையும் நாலு நாள் சத்தம் இல்லாமல்தான் இருந்தது.

பெட்டியில் வைக்கும்போது டார்க் ரெஞ்சை இறக்கினேன். அவள் பார்த்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

சத்தம் இல்லை. தினம் போன் போட்டுக் கேட்கிறேன். "என் சம்சாரம்கூட இவ்வளவு விசாரிச்சதில்லைக்கா" என்கிறார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

மார்ச் 26, வியாழன்

அந்தக் காரில் இன்று ஒரு புது ஆள் கற்றுக்கொள்ள வந்தாராம். மேட்டில் நிறுத்தி, கிளட்ச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே கால்மணி நேரம் போனில் பேசினாராம். கேட்டதும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. சின்னவள் மட்டும் நிதானமாக, "நல்லதுக்கா. இதைத் தாங்கினா எதையும் தாங்கும்" என்றாள். உரலுக்குள் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்து ஆகப்போவது என்ன, அதுவும் சரிதான்.

மார்ச் 28, சனி

அட்டைப் பெட்டிகள் இன்னும் மேலே வராந்தாவில்தான் இருக்கின்றன. ஒன்றில் சின்னவளின் மகள் பொம்மைக்கு வீடு கட்டியிருக்கிறாள். லிஃப்ட் வைத்த வீடாம்.

மார்ச் 31, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குச் சிவப்புக் கார் வந்தது. கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை. இவர் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து ஜாக்கி பிடித்தார். கொழுந்தன் ஆபீசுக்குப் போகாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றார். அவருக்குக் கண் இருப்பதையே இன்றுதான் பார்த்தேன். சின்னவள் மட்டும் கொட்டகையை விட்டு வரவில்லை. "நீங்களே பாருங்கக்கா. நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்று சொல்லிவிட்டாள்.

கூட்டின் உள்ளே டார்ச் அடித்தேன். புது உரசல் இல்லை. தலைகளைப் பார்த்தேன். ஒன்று. எதிரே நாலு. இரண்டு, ஐந்து. மூன்று, ஆறு. ஆறு மஞ்சள் கோடும் நான் இழுத்த இடத்திலேயே இருந்தன. நாலாவது தலையில் என் கோணல் முக்கோணம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டார்ச்சை அணைக்கக்கூட இல்லை. அப்படியே கொட்டகைக்கு ஓடினேன். இந்த வயதில் இந்த உடம்போடு நான் ஓடினதைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்க விடவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டாள், என் எண்ணெய்ச் சட்டையோடு.

மத்தியானம் என் மேசையில் உட்கார்ந்துதான் கம்பெனிக்கு எழுதினாள். இரண்டு வரி. வரவில்லை, நன்றி. அனுப்புவதற்கு முன் என்னிடம் கொடுத்து, "ரெண்டு அர்த்தம் ஏதும் வருதான்னு பாருங்கக்கா" என்றாள். கொழுப்பு.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஏப்ரல் 1, புதன்

மேலே நாற்காலி இழுபடுகிறது. இவர், "தினம் இந்தச் சத்தம், கீழ ரப்பர் ஒட்டச் சொல்லேன்" என்றார். அதெல்லாம் வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 22, புதன்

புதிதாகக் கடைந்த போல்ட்டுகள் வந்துவிட்டன. தலை சரியான அளவில், சீவ வேண்டிய வேலை இல்லாமல். ஆறு ஆறாக டப்பாவில் போட்டு அடுக்கியிருக்கிறாள். டப்பா மேல் ஒட்டியிருக்கும் சீட்டை எனக்குக் காட்டாமலே அச்சடித்திருக்கிறாள், கள்ளி. இன்றுதான் பார்த்தேன். கிளட்ச் போல்ட்டு, உறுதி 10.9, ஒரு முறைக்கு மட்டும். அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: தலைக்கனம் குறைத்தது. எங்கும் பொருந்தும்.

ஒரு டாக்சிக்காரர் கிளட்ச் மாற்ற வந்தவர், டப்பாவைக் கையில் எடுத்து அதைச் சத்தமாக வாசித்தார். "என்னக்கா இது, போல்ட்டுக்குக்கூடத் தலைக்கனமா?"

"இருந்துச்சுங்க" என்றேன். "ரெண்டு பேருமே குறைச்சுக்கிட்டோம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கொட்டகைப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. டப்பாவைப் பிரித்து வேலையை ஆரம்பித்தேன்.